டபுள் பேஸும் ஒரு கொர்ர்ரும்

கொர்ர்ர்...

முதலில் என் வயிறுதான் என்று நினைத்தேன். காலையில் சாப்பிடாமல் வடபழனிக்கு ஓடி வந்திருந்தேன். ஸ்டூடியோ ஏசி வேறு எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. வாசிப்பதை நிறுத்தினால் சத்தமும் நின்றது. மறுபடி அதே சுரத்தைத் தொட்டால்... கொர்ர்ர்.

வயிறு இல்லை. என் டபுள் பேஸ்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வயலின் குடும்பத்திலேயே பெரியது. ஆளை விட உயரம், நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். கல்யாண ரிசப்ஷன்களில் 'பெரிய வயலின்' என்பார்கள். ஆட்டோக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

எங்கள் வயலின் கோஷ்டியை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, உள்ள வண்டு எதுனா வளக்கறியா? ஞாயித்துக்கிழமை மறுபடி ரெகார்டிங். இந்தச் சத்தத்தோட வர்றதா இருந்தா வராத. வேற ஆளப் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிது. ஸ்டூடியோ வேலையை நம்பித்தான் பெண் கொடுத்திருந்தார்கள். அது போனால் தி.நகரில் மாமனாரின் ஜவுளிக்கடையில் நின்று புடவை மடிக்க வேண்டியதுதான். அதற்காக அவர் ஒரு இடத்தை ஒதுக்கியே வைத்திருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்போது மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷன். பேஸைப் படுக்க வைத்தால் நாங்கள் உட்கார்ந்துகொண்டுதான் தூங்க வேண்டும். அங்கேதான் வைத்தியம் ஆரம்பித்தது.

ஆட்டோ கம்பியில் இடித்து ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பசை போட்டு ஒட்டினேன். திருகாணிகளையெல்லாம் முடுக்கினேன். தந்தி உட்காரும் பள்ளம் தேய்ந்திருக்குமோ என்று பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினேன். கீறல்களுக்குச் செருப்பு பாலிஷ்கூடப் போட்டேன். அதற்கும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கை சும்மா இருக்கவில்லை.

கொர்ர்ர்.

கடைசியில் ராயப்பேட்டையிலிருந்து என் பைக் மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து வந்தேன். வேறு யாரிடம் போவது... மனுஷன் இன்ஜினில் எந்தச் சத்தம் வந்தாலும் பிடித்துவிடுவார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேஸில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"வாசி சார்."

வாசித்தேன்.

"இன்னா சார் இது, இன்ஜின் டேப்பட் சத்தம் மாதிரியே கீது. ஆயில் ஊத்திப் பாத்தியா?"

டீ கொடுத்து அனுப்பி வைத்தேன்.

ஞாயிறு நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்து என் மனைவி செல்விதான் வழி சொன்னாள்.

"நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்க. நான் ஒவ்வொரு இடமா அழுத்திப் பாக்கறேன். எங்க அழுத்தினா நிக்குதோ அங்கதான கோளாறு? எங்கப்பா கடை ஃபேன் சத்தத்த இப்படித்தான் கண்டுபிடிப்பாரு."

நான் இந்தப் பக்கம் வில்லோடு. அவள் அந்தப் பக்கம் பேஸைக் கட்டிக்கொண்டு, தோள், இடுப்பு, முதுகு என்று அழுத்திக்கொண்டே வந்தாள். தண்ணீர் வருகிறது என்று சொல்ல மாடியேறி வந்த வீட்டுக்கார அம்மா, வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர் இல்லை.

முதுகின் அடிப்பக்கம் கை வைத்ததும் சத்தம் அடங்கியது. செல்வியின் முகம் மாறியது.

"ஏங்க... உள்ள அரிசி கிடந்தா சத்தம் வருமா?"

"எந்த அரிசி?"

ஆயுத பூஜை அரிசி. வார்னிஷ் கெட்டுவிடும், சந்தனம் வைக்காதே, குங்குமம் வைக்காதே என்று நான் அன்றைக்குக் குதித்திருந்தேன்.

"பூஜைய பண்ணிட்டு வெறுமனே எப்படி விடறது? வெளியதான வைக்கக் கூடாதுன்னீங்க. அதான் அந்த ஓட்டை வழியா அட்சதைய உள்ள போட்டேன். கொஞ்சந்தாங்க."

பேஸைத் தலைகீழாகத் தூக்கி இரண்டு பேரும் உலுக்கினோம். மஞ்சள் அரிசி கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. கூடவே காய்ந்த சாமந்தி இதழ்கள். பிறகு வாசித்தால்... சத்தமே இல்லை. செல்வி அரிசியைப் பெருக்கியெடுத்து மொட்டை மாடியில் காக்காய்க்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூடியோ. அதே சுரம்.

கொர்ர்ர்.

மாஸ்டர் வயலினை மடியில் வைத்தார். என் கண்ணுக்கு முன்னால் புடவைகள் விரிந்தன. பயத்தில் வாய் தானாகப் பேசியது.

"மாஸ்டர், நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க பக்கத்துல இருக்கறத ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். பேஸை அழுத்தினார், நிற்கவில்லை. மைக் ஸ்டாண்டை அழுத்தினார். நாற்காலியை அழுத்தினார். கடைசியில் குனிந்து, தன் காலடியில் இருந்த சொந்த டிபன் கேரியரின் மூடியில் கை வைத்தார்.

நின்றது.

என் அரிசியும் அவர் கேரியரும் சேர்ந்துதான் போன முறை பாடியிருக்கின்றன. கேரியரை அவரே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்து, "டேக் போலாம்" என்றார். வேறு ஆள் பார்க்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை.

இப்போது வேளச்சேரியில் அபார்ட்மென்ட். பேஸுக்கே தனி மூலை. முக்கால்வாசி வேலையைக் கீபோர்டு எடுத்துக்கொண்டது. எப்போதாவது கூப்பிட்டால் போகிறேன். கொர்ர் வந்தாலும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுகிறார்கள், யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. வீட்டிலும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். வசதிதான். ஆனாலும் அந்த மாடி போர்ஷனை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஹாலில் வாசித்துக்கொண்டிருந்தேன். கொர்ர்ர்.

செல்வி போனை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "அதையே திரும்ப வாசிங்க, பாப்போம்" என்று அந்தப் பக்கம் போய்த் தோளிலிருந்து அழுத்த ஆரம்பித்தாள்.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த தட்டுதான் என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

சொல்லவில்லை. அவள் இன்னும் இடுப்புக்கே வரவில்லை.