பற்ற வைக்காத சூடம்

புற்றுநோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை எனக்கு. விருதுநகரிலிருந்து வேன் கிளம்பினால், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் வலிக்கு மருந்து கொடுப்பதும் எனக்குப் பழகிய வேலை. மனசுக்கு என்ன செய்வது என்றும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், முதலில் காது கொடுங்கள் என்பார்கள். சர்ச் உபதேசியார் வீட்டில் வளர்ந்த எனக்கு அதுதான் கஷ்டம். எதற்கும் ஒரு பைபிள் வசனம் நாக்கு நுனியில் நிற்கும்.

சாத்தூரை ஒட்டிய கிராமம் ஒன்றில் ஒரு அக்காவுக்கு மார்பில் புற்று. மருந்தில் வலி அடங்கியும் அவரால் ஓரிடத்தில் கிடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுவார், வாசல்வரை போவார், திரும்பி வந்து உட்கார்வார், உடனே எழுவார்.

“வலிக்குதாக்கா?”

“வலி இல்ல தாயி. இருப்புக் கொள்ளல.”

அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் காலேஜை நிறுத்தியிருந்தாள் மகள். “கோயிலுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்குறாக சிஸ்டர். அப்பா போனதுல இருந்து சாமியே கும்புடல” என்றாள். அவள் அப்பா பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்.

ஒருநாள் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

“செத்தா அவுகளப் பாப்பேனா?”

வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவரே தொடர்ந்தார். “அன்னிக்கு உடம்பத் துணியச் சுத்தித்தான் குடுத்தாக. மொகத்தக் காட்டல. அங்கன எப்படி இருப்பாகளோ. அடையாளம் தெரியாமத் தாண்டிப் போயிட்டேன்னா?”

“தெரியலக்கா” என்றேன். சும்மா இருக்கவும் முடியாமல், “அண்ணன் எப்படி இருப்பாக? சொல்லுங்க” என்று கேட்டேன்.

அக்கா சொல்லத் தொடங்கினார். வேலை விட்டு வந்தால் காது மடலில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மினுங்குமாம். எம்புட்டு சோப்புப் போட்டாலும் போகாதாம். சிரித்தால் ஒரு கண் மட்டும் மூடிக்கொள்ளுமாம். கதவோரம் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளிடம் இதையெல்லாம் அவர் சொன்னதே இல்லை.

“என்னைய அவுக வேல பாத்த கம்பெனிக்கு ஒருவாட்டி கூட்டிட்டுப் போறீகளா?” என்றார் அக்கா.

டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்தார். வேனில் படுக்க வைத்து, மகளும் நானும் கூட்டிப்போனோம். வெடித்த ஷெட் இருந்த இடத்தில் புதிதாக ஒன்று எழும்பியிருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. ஆனால் வெளியே வேப்பமர நிழலில் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அக்கா மடியிலிருந்து சூடத்தை எடுத்தார். காவலாளி பதறிவிட்டார். “யம்மா, இங்கன நெருப்பு ஆகாது!”

“தெரியும்ய்யா. நானும் பட்டாசுல கெடந்தவதான்.”

சூடத்தைப் பற்ற வைக்காமல் மண்ணில் வைத்தார். சாப்பாட்டு நேரம். ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள், கையும் முகமும் வெள்ளியாக. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, அண்ணனே எதிரில் நிற்பதுபோல, சத்தமாகவே பேசினார்.

“சொல்லாமக் கொள்ளாமப் போனது நீங்க. நான் தேடி அலையணுமாக்கும்? நீங்கதான் வந்து என்னையக் கூப்புடணும். ஆமா.”

அதோடு அவர் அலைச்சல் ஓய்ந்தது என்று சொன்னால் பொய். சில நாள் நடந்தார், சில நாள் நன்றாகத் தூங்கினார். மகளிடம் மட்டும் அவள் அப்பாவைப் பற்றி ஓயாமல் பேசினார். ஐப்பசி மழையில் ஒரு காலை, மகள் கையைப் பிடித்தபடி இறந்துபோனார்.

குளிப்பாட்ட உதவிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நோயாளியைப் பார்க்க விஸ்வநத்தம் போக வேண்டும். வேன் கிளம்பும்போது மகள் ஓடிவந்தாள்.

“சிஸ்டர், பதினாறாம் நாள் காரியத்துக்கு வருவீகள்ல?”

“வாரேம்மா” என்றேன்.