பாம்பு கேக்குக்குக் கண் வைத்த கதை

நடந்தவை வரிசையாக:

1. எனக்கு எட்டு வயது நிறைந்த அன்று அம்மா பாம்பு வடிவத்தில் ஒரு கேக் செய்தாள்.
2. அதற்குக் கண் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அம்மா வைத்தாள்.
3. அத்தை வந்து பார்த்துவிட்டு, இதை வெட்டக் கூடாது என்றாள்.
4. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கத்தியைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டாள்.
5. கேக் தீர்ந்தது. தலை மட்டும் மிஞ்சியது.

இவற்றில் நான்காவதுதான் எனக்கு வெகுகாலம் விளங்காமல் இருந்தது. மற்றவை அன்றைக்கே விளங்கின, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் பொத்தான் அமுக்கும் பழைய போன் ஒன்று இருந்தது. துபாயில் இருந்த அப்பா வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் கூப்பிடுவார். மற்ற நாட்களில், வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, சற்று நேரம் அது என் கைக்கு வரும். அதில் ஒரு பாம்பு விளையாட்டு உண்டு. வெளிர்பச்சைத் திரையில் கறுப்புச் சதுரங்களைக் கோத்தது போல ஒரு பாம்பு ஓடும். எங்காவது ஒரு புள்ளி தோன்றும். புள்ளியைத் தின்றால் பாம்புக்கு ஒரு சதுரம் கூடும். தன் உடம்பிலேயே போய் முட்டினால் செத்துவிடும். அவ்வளவுதான் விளையாட்டு. மற்ற பிள்ளைகள் பூனை வளர்த்தார்கள். நான் அந்தப் பாம்பை வளர்த்தேன். அப்பாவின் அழைப்பு வரும்போதெல்லாம் அது பாதியில் நின்றுபோகும் என்பதால், அப்பா பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருக்கும்.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரப்படி கோயில், பிறகு பாயசம். கேக் எல்லாம் கிடையாது. ஆனால் அப்பா கடைசியாக விடுமுறையில் வந்தபோது ஒரு ஓவன் கொண்டுவந்திருந்தார். அட்டைப்பெட்டியோடு அது அலமாரிமேல் உட்கார்ந்திருந்தது. என் வகுப்புப் பெண்களோ பிறந்தநாளுக்கு பேக்கரியில் ரோஜாப்பூ வைத்த கேக் வாங்கி வெட்டினார்கள். ஒருத்தி தன் தம்பிக்குக் கார் போல ஒரு கேக் செய்யச்சொன்னதாகப் பெருமை பேசினாள். அந்த வேகத்தில் நான், என் பிறந்தநாளுக்கு போன் பாம்பு கேக் வரப்போகிறது, அதை நான் இரண்டாக வெட்டப்போகிறேன் என்று வகுப்பிலேயே அறிவித்துவிட்டேன். யாரும் நம்பவில்லை. நம்பவைப்பதற்காக ஐந்து பேரை வீட்டுக்கு அழைத்தேன். அதன் பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா திட்டவில்லை. ஓவனைக் கீழே இறக்கினாள்.

கேக் செய்ய அம்மாவுக்குத் தெரியாது. எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் தெரு முழுக்க மணக்கும்படி சுட்டு, வீட்டுக்கு வீடு தட்டில் மூடிக் கொடுத்தனுப்புவார். அவர் கேக்கில் முட்டை உண்டு. எங்கள் அடுக்களைக்குள் முட்டை வராது. எனவே அவருக்குக் கிறிஸ்துமஸ் தோறும் ஒரு சங்கடம், எங்களுக்கு மட்டும் வாழைக்காய் சிப்ஸ் கொடுப்பார். முட்டை இல்லாத கேக் அவருக்கும் புதிது. இருவருமாகத் தயிரும் சோடா மாவும் டின் பாலும் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவர்களைப் போல உட்கார்ந்தார்கள். முதல் கேக் அம்மிக்கல்லாக வந்தது. மதில்மேல் வைத்தோம், காக்கை ஒரு கொத்துக் கொத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. அடுத்தது எழும்பிவந்து, வெளியே எடுத்ததும் பெருமூச்சு விட்டது போல அமுங்கிவிட்டது. அதற்கடுத்ததுதான் கேக்காக வந்தது.

இந்தச் சோதனைகளிலெல்லாம் அத்தையும் கூட இருந்தாள். அப்பாவின் அக்கா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். மாமா காலையில் வடசேரியில் இருக்கும் தன் கடைக்குப் போனால் மாலைதான் வருவார், அதனால் அத்தையின் பகல்கள் எங்கள் வீட்டில்தான் கழியும். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பலகாரம், ரிப்பன், கொலுசு எல்லாம் பங்கு போடாமல் எனக்கே கிடைத்தன. எனக்கு இருமல் வந்தால் அம்மாவுக்கு முன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். கேக்குக்கு மாவு சலித்ததும் சர்க்கரை பொடித்ததும் அவள்தான். என்ன உருவம் என்று மட்டும் அவளுக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடமும் டீச்சரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். அத்தை ஆச்சரியப்பட வேண்டும் என்பது என் ஆசை.

பிறந்தநாளன்று காலையில் வேலை நடந்தது. சதுரத் தட்டுகளில் சுட்ட கேக்கை அம்மா என் ஸ்கேலை வைத்து அளந்து, நூல் பிடித்து, ஒரே அளவுக் கட்டைகளாக அறுத்தாள். தையல் தெரிந்தவள், அவள் அறுத்தால் பிசிறு இருக்காது. ஆசாரியிடம் கேட்டு வாங்கிய ஒரு பலகையில் வெள்ளித்தாள் சுற்றி, அதன்மேல் பச்சைச் சாயம் கலந்த தேங்காய்த் துருவலைப் பரப்பினாள். அதுதான் திரை. கட்டைகளுக்குச் சாக்லேட் கிரீம் பூசி, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே போனில் இருப்பது போலவே ஒரு நூலளவு இடைவெளி விட்டு, வளைத்து வளைத்து அடுக்கினாள். பாம்பின் வாய்க்கு எதிரே ஒரு செர்ரிப்பழம். மேல் ஓரத்தில் எத்தனை புள்ளி என்று போன் காட்டும் இடத்தில், டீச்சர் கிரீமைக் கூம்பில் பிழிந்து எட்டு என்று எழுதினார். தள்ளி நின்று பார்த்தபோது அம்மாவின் போனைப் பெரிதாக்கிக் கிடத்தியது போலவே இருந்தது.

எனக்கு ஒரு குறை. கண் இல்லை.

"போன்லயும் கண்ணு கெடையாதே மக்ளே" என்றாள் அம்மா.

கண் இல்லாமல் அது செர்ரிப்பழத்தை எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். அம்மா துல்லியம் விரும்புகிறவள், ஆனால் அன்று களைத்திருந்தாள். இரண்டு முந்திரிப்பருப்பைத் தலைக்கட்டையில் பதித்து, அவற்றின் நடுவில் குச்சியால் சாக்லேட் பொட்டு வைத்தாள். சட்டென்று பாம்பு எங்களைப் பார்த்தது. டீச்சர் சிரித்துவிட்டு, இனி இதை எப்படித் தின்பது என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஐந்து பெண்களும் வந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி குனிந்து கட்டைகளை எண்ணத் தொடங்கினாள். எனக்கு அது போதும். பாம்பின் முதுகு நெடுக மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. ரிப்பன் கட்டிய கத்தி என் கையில். அப்போதுதான் அத்தை பாயசப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள்.

அவள் ஆச்சரியப்பட்டாள் என்பதில் சந்தேகமில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கேக்கைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு அருகில் வந்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகப் பாம்பின் முதுகிலிருந்து பிடுங்கித் தேங்காய்த் துருவலில் நட்டாள். விரலில் மெழுகு சொட்டியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இதுல கத்தி வைக்கப்பிடாது" என்றாள்.

அம்மா சிரித்தாள். "வெறும் கேக்குதான் மைனி. நீங்க சலிச்ச மாவுதானே."

"மாவு நான் சலிச்சதுதான். கண்ணு நான் வைக்கல்லியே."

டீச்சர் சமாதானமாக ஒரு யோசனை சொன்னார். கண்ணை மட்டும் எடுத்துவிட்டால் அது வெறும் கட்டைகள்தானே. நான் முந்திரிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துவிட்டேன். அத்தையும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வச்ச கண்ண தோண்டவா சொல்லுதிய, டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ஒரே விஷயத்தில் நானும் அத்தையும் ஒரு கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் இருந்தோம்.

வந்திருந்தவர்களில் ஒருத்தி என் காதருகே, "ஏட்டி, வெட்டுவியா மாட்டியா? எங்க அண்ணன் கூப்பிட வந்திருவான்" என்றாள். எனக்குக் கண்ணீர் முட்டியது. திங்கட்கிழமை வகுப்புக்குள் எப்படி நுழைவேன் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது உலகம்.

அத்தை என் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னாள்: "நான் வீட்டுக்குப் போறேன். நான் போன பொறவு என்ன வேணும்னாலும் செய்யுங்கோ. பிள்ளைக்கப் பொறந்தநாளுல பாம்புமேல கத்தி வைக்கத நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். சில்லறை தராத கண்டக்டரிடம் வடசேரி வரைக்கும் விடாமல் வாதாடி அதை வாங்கியவள் அவள். மின்வாரிய அலுவலகத்தில் அவளைக் கண்டாலே நாற்காலி போடுவார்கள். துபாயில் இருக்கும் அப்பாவிடமே போனில் வாதாடி ஜெயிக்கிறவள். இப்போது பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் அத்தையைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பிரித்துக் கத்தியை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் தோசைக் கரண்டி இருந்தது. கட்டைகளெல்லாம் தனித்தனியாகத்தானே இருக்கின்றன, வெட்டவே வேண்டாம், எடுத்தால் போதும் என்றாள்.

நான் விடவில்லை. போனில் பாம்பு வளருமே தவிரக் குறையாது, வாலிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது விதிக்கு விரோதம் என்று அழுதுகொண்டே வாதாடினேன். வாசல்வரை போன அத்தை நின்றாள். திரும்பி வந்து என் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"மக்ளே, போன்ல இது எப்பிடிச் சாவும்?"

தன் உடம்பில் தானே முட்டிச் செத்துவிடும் என்றேன்.

"பொறவு?"

பிறகு முதலிலிருந்து சின்னப் பாம்பாக வரும்.

அத்தை யோசித்தாள். ஒரு பெரிய வழக்கைத் தீர்க்கிறவள் போல நிதானமாகச் சொன்னாள்: "அப்போ அது சாவல்ல. சட்ட உரிக்கி. உரிச்ச சட்டய யாரும் எடுக்கலாம். தலையில மட்டும் கை வைக்கப்பிடாது, கேட்டியா."

இப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் இருப்பதாக இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அவளே உண்டாக்கினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது விளையாட்டின் விதிக்கும் ஒத்துப்போனது. தோசைக் கரண்டியை அத்தையே வாங்கி, வால்நுனியிலிருந்து முதல் கட்டையை எடுத்து என் வாயில் வைத்தாள். அதில் ஏலக்காய் மணத்தது. ஏலக்காய் போட்டது அவள்தானாம், அம்மாவுக்கே தெரியாது. பாம்பு குறையக் குறைய பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். கூப்பிட வந்த அண்ணனும் இரண்டு கட்டை தின்றான். கடைசியில் பச்சைத் திரையில் தலை மட்டும் செர்ரிப்பழத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அதை அத்தை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, மஞ்சள்பொடி தூவி, கிணற்றங்கரைச் செம்பருத்தியின் அடியில் கொண்டுவைத்தாள். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். இலை மட்டும் இருந்தது. பூனையோ கீரியோ தின்றிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாம்பு போய்விட்டது என்று அத்தையிடம் சொன்னேன். "போட்டும்" என்றாள், அவளுக்கு அது தெரிந்த செய்தி போல.

வகுப்பில் எனக்கு அவமானம் ஏதும் நேரவில்லை. கத்தி வைக்கவே முடியாத பாம்பு என்று ஐந்து பேரும் பரப்பிவிட்டிருந்தார்கள். பேக்கரி ரோஜாப்பூவெல்லாம் அதன் முன் நிற்கவில்லை. நான் ஒன்றும் திருத்தவில்லை. அத்தைக்கு விளையாட்டும் தெரியாது, கேக்கும் தெரியாது, ஆனாலும் கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள் என்பதுதான் எட்டு வயதில் நான் எடுத்துக்கொண்ட முடிவு. அம்மா மட்டும் ஏன் வாதாடவில்லை என்பது நெருடிக்கொண்டே இருந்தது.

பொறியியல் படிக்கும்போது, ஒரு விடுமுறையில், பயறு உரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன். அவள் பயறிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். கல்யாணமாகிப் பல வருஷம் அவளுக்கும் பிள்ளை இல்லை. அத்தை அதைவிட நாளாகக் காத்திருந்தாள். மாதந்தோறும் நாகருக்கு உகந்த ஆயில்ய நட்சத்திரத்தன்று இருவரும் ஒன்றாக நாகர் கோயிலுக்குப் போய், நாகர் சிலைகளுக்கு மஞ்சள் தூவி, ஆளுக்கொரு செம்பு பால் ஊற்றுவார்கள். பிள்ளை வேண்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் செய்வது. அம்மாவுக்கு நான் பிறந்தேன். அத்தைக்கு யாரும் பிறக்கவில்லை. நான் பிறந்து அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்த அந்த மாதம், அத்தை இரண்டு செம்பையும் தானே தூக்கிக்கொண்டு போனாளாம். இரண்டையும் என் பெயர் சொல்லி ஊற்றிவிட்டு வந்தாளாம். அதற்குப் பிறகு அவள் தனக்காக ஊற்றவே இல்லை.

"ஒன்ன கேட்டு நான் ஊத்தினதவிட, ஒனக்காவ அவிய ஊத்தினதுதான் கூட" என்றாள் அம்மா. "அவியள நிக்க வச்சுக்கிட்டு நான் வாதாடுவனா?"

நான் இப்போது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். அத்தைக்கு மூட்டுவலி, நடக்க முடிவதில்லை. ஆயில்யத்தன்று அம்மாவும் அவளும் ஆட்டோவில் போய் வருகிறார்கள். ஆளுக்கொரு செம்பு கொண்டுபோகிறார்கள். இரண்டும் என் பெயருக்குத்தான்.