புதூர் கிணற்றின் பச்சைப் புள்ளி

ஆண்டிச்சாமி பெருமாள்மலைக்காரர். மலைக்குளிரில் ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு வெயில் ஆகாது. அவரைத்தான் எங்கள் ஆய்வு மையம் ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கே காய்ந்து கிடக்கும் ஊர்களுக்கு மூன்று வருடமாக அனுப்பியது. மாதம் ஒருமுறை பதினாறு கிணறுகளிலும் ஆற்றிலும் தலா ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துவர வேண்டும். அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்து, கணினியில் ஏற்றி, எந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று வரைபடம் போடுவது என் வேலை.

கெட்ட தண்ணீர் என்றால் சிவப்புப் புள்ளி, நல்லது என்றால் பச்சை. சுற்றிலும் சிவப்பாக இருக்க, நடுவில் புதூர் மட்டும் மாதாமாதம் பச்சை. அடியில் பாறை வெடிப்பு வழியாக நல்ல நீர் வரும் என்று காரணமும் கண்டுபிடித்து எழுதினேன். என் மேதாவித்தனத்தை என்ன சொல்ல! அந்த வரைபடத்தை வைத்துத்தான் உப்பு நீக்கும் நிலையம் எந்தெந்த ஊருக்கு என்று முடிவானது. புதூர் பட்டியலில் இல்லை.

அடுத்த மாதம் ஆண்டிச்சாமி வழக்கம்போலப் புதூரில் காளியாயி வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நாங்கள் கணக்கில் வைத்திருந்த கிணறு அவள் வீட்டுக்குப் பின்னால். பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"ஏந் தம்பி, எங்க ஊருக்கு மட்டும் மிசின் இல்லையாமே?"

"ஒங்க கெணத்துத் தண்ணி நல்லாருக்குன்னு வந்திருச்சே அக்கா."

காளியாயி சிரித்தாள். "நல்லாருக்கா? மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்புது. எனக்கு ரெண்டு தடவ கல்லடைப்பு வந்திருச்சு."

"அப்ப இந்தப் பாட்டில்ல எங்க புடிக்கிறீங்க?"

"பானையிலதான். வெயில்ல வந்த மனுசனுக்கு உப்புத் தண்ணியவா ஊத்திக் குடுப்பாங்க? ரெண்டு கிலோமீட்டர் நடந்து குழாயில புடிச்சாந்த தண்ணி தம்பி."

பாட்டிலை இரண்டு தடவை அலசிவிட்டுப் பிடிக்கச் சொன்னவரும் இவர்தான். அவள் அந்த நல்ல தண்ணீரிலேயே அலசியிருக்கிறாள். மூன்று வருடம். படிவத்தில் 'கிணற்றில் நேரடியாக எடுத்தது' என்று மாதந்தோறும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் ஆண்டிச்சாமி.

அன்று முதல்முறையாக அவரே வாளியை இறக்கினார். அந்தத் தண்ணீரில் உப்பளக்கும் மீட்டரை முக்கியதும் எண் நாலாயிரத்தைத் தாண்டியது. நாங்கள் அதுவரை பார்த்தது அறுநூறுதான். உடனே எனக்குப் போன் செய்தார்.

"ஜெயப்பிரியா, நாந்தாம்மா கெடுத்துட்டேன். மெனக்கெட்டுப் பின்னால நடக்கச் சோம்பல் பட்டு, ஒரு ஊரையே கெடுத்துட்டேன்."

பட்டியல் சென்னைக்குப் போய்விட்டது என்று சொன்னேன். நானும் ஒரு நாளாவது அந்தக் கிணற்றைப் போய்ப் பார்த்திருக்கலாம் என்பதை அப்போது நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நடந்ததை அவர் காளியாயியிடம் விளக்கினார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. அவள் முகம் செத்துப்போனது.

"அப்ப நான் ஊத்துன தண்ணியாலதான் ஊருக்கு வராமப் போச்சா? ஊருல யாருகிட்டயும் சொல்லிறாதீங்க தம்பி. நான் எப்படித் தல நிமுந்து நடப்பேன்?"

"தப்பு எம்மேலதான் அக்கா," என்று பலமுறை சொல்லியும் அவள் நம்பவில்லை.

அவரும் நானும் சேர்ந்து தவற்றை ஒப்புக்கொண்டு சென்னைக்குக் கடிதம் எழுதினோம். அதில் அவள் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஆண்டிச்சாமி இப்போதும் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகிறார். கிணற்றில் தானே வாளி இறக்குகிறார். வேலை முடிந்ததும் காளியாயி பானைத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து நீட்டுகிறாள். வேண்டாம் என்றால், இன்னும் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். அதனால் அவள் பார்க்க, முழுவதையும் குடித்துவிட்டு வருகிறார்.