நிழற்குடைக்கு எந்த நிறம்?

கமுதிப் பக்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்காரும் ஆள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைப் பார்க்கிறார். கயிறு கட்டியிருக்கிறேனா, கட்டியிருந்தால் என்ன நிறம் என்று தெரிந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். என் கையில் கயிறு கிடையாது, காய்ந்த பெயின்ட் சொட்டுகள்தான். அதனால் கேட்கிறார், "எந்த ஊரு?" "மண்டபம்." "மண்டபத்துல எங்கன?" "காம்ப்." இலங்கை அகதி என்று தெரிந்ததும் கேள்வி நின்றுவிடும். சந்தேகம் நிற்காது. இறங்கும்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவார்.

டொரொண்டோவில் இருக்கும் என் மச்சான் போனில் சொல்வான்: "எங்களுக்குத்தான் பாஷை தெரியாத ஊர். உனக்கென்ன, எங்கட சனத்துக்குள்ளதானே இருக்கிறாய்." மன்னாரில் இருக்கும் சொந்தக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சின்ன வயதில் கொழும்புக்குப் போகும்போது மதவாச்சியில் சிங்களப் பட்டாளம் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும். அதற்கு முன்பே அம்மா முந்தானையால் பொட்டைத் துடைத்துவிடுவாள். வாயைத் திறக்க வேண்டாம் என்று எங்கள் தொடையில் கிள்ளுவாள். அங்கே பேசினால் பிடிபடுவோம். இங்கே எல்லோரும் ஒரே பாஷை பேசுகிறோம். பேச்சை வைத்து ஆளைப் பிரிக்க முடியாததால், வேறு எதையாவது வைத்துப் பிரிக்கிறார்கள். அந்த வேறு எதுவென்று எனக்குச் சரியாகத் தெரிந்தது போன பங்குனியில்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். காம்பில் பாதிப் பேரைப் போலப் பெயின்ட் அடிக்கப் போனேன். திருப்பூர், கொச்சி, பெங்களூர் என்று சுற்றினேன், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கொச்சியில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. எலும்பு கூடியதும் மறுபடி ஏறினேன். இரண்டு வருசத்துக்கு முன்பு காம்புக்கு வெளியே தங்க அனுமதி வாங்கி, கமுதிக்குப் போகும் வழியில் ஒரு ஊரில் வீடு பிடித்தோம். மகள் அங்கிருந்துதான் பிளஸ் டூ படிக்கப் போகிறாள். அனுமதி கொடுத்த அதிகாரி ஒன்றுதான் சொன்னார்: கேஸ் எதிலாவது பேர் வந்தால் மறுபடி காம்புதான்.

ஊரில் இரண்டு தெரு, மேலத்தெருவும் கீழத்தெருவும். இரண்டிலும் இளவட்டங்கள் பாதிப் பேர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மிளகாய்க் காட்டிலும் செங்கல் சூளையிலும் இப்போது ஒடிசாக்காரர்கள்தான். பெட்டிக்கடையில் இந்தி எழுத்துப் போட்ட பாக்குப் பொட்டலம் தொங்குகிறது. எது காணாமல் போனாலும் முதலில் அவர்களுடைய கொட்டகையைத்தான் பார்ப்பார்கள். நான்கூட, என் கையாளான ஒடிசாப் பையன் சுனில் வந்த புதிதில், சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். யாரையாவது சந்தேகப்படுகிற இடத்துக்கு வந்ததே எனக்கு ஒரு முன்னேற்றம் மாதிரி இருந்தது.

மெயின் ரோட்டில் இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு பஸ் நிழற்குடை. அதற்குப் பெயின்ட் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. சுவர் முடிந்ததும் பார்த்தால், முந்தின வேலைகளில் மிஞ்சிய டின்களின் அடியில் கொஞ்சம் கிடந்தது. வீணாக்க வேண்டாம் என்று, முன்தூண் இரண்டிலும் பட்டை பட்டையாக அடிக்கச் சுனிலிடம் சொன்னேன். இரண்டு நிறம். எந்த நிறம் என்று எழுதமாட்டேன். எழுதினால் இதைப் படிக்கிறவர்களிலேயே சிலர் யார் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுவார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் கீழத்தெருக்காரர்களின் கொடி, அவர்களுடைய மணிக்கட்டுக் கயிறு. இரண்டு வருசம் அங்கே குடியிருந்தும், ரோட்டோர மரத்திலும் கரண்டுக் கம்பத்திலும் பட்டைகளைப் பார்த்தும், அதை வெறும் அலங்காரம் என்று நினைத்தவன் நான். பெயின்ட்காரன் இல்லையா.

மறுநாள் காலை நிழற்குடை முன்னால் மேலத்தெரு கூடிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு.

"யாரு சொல்லி அடிச்ச?" என்றான் மேலத்தெரு இளைஞன் ஒருவன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணன். மிஞ்சின பெயின்ட். நான்தான் அடிக்கச் சொன்னனான்."

"அதெப்பிடி, கடையில இத்தன நிறம் இருக்கையில கரெக்டா அந்த ரெண்டும் மிஞ்சும்?"

"ஏலே, பெயின்டு அடிக்கிறவனுக்கு நிறம் தெரியாதாம்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "எங்க மேல பழியப் போட அவுகளே அடிக்கச் சொல்லிருப்பாக! எங்களுக்குத் தெரியாதா!"

எனக்குத் தெரியாது என்பதை இரண்டு பக்கமும் நம்பவில்லை. நிறம் தெரியாத ஒரு ஆள் உலகத்தில் இருப்பான் என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் முத்துராக்கு, பழைய லாரி டிரைவர், என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்கேரு, வடக்கன் மேல தூக்கிப் போட்ரு. பாஷை தெரியாதவன், தெரியாம அடிச்சிட்டான்னு முடிஞ்சிரும். ரெண்டு தட்டுத் தட்டி பஸ் ஏத்தி விட்ருவாங்ய. நீ நம்மாளு, உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?"

இரண்டு வருசத்தில் யாரும் என்னை நம்மாளு என்று சொன்னதில்லை. மகளின் பள்ளிக்கூடப் பை கண்ணுக்குள் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சுனில் டின் மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மதவாச்சியில் பட்டாளத்துக்காரனின் வாயை அம்மா அப்படித்தான் பார்ப்பாள்.

"அவனில பிழை இல்லை. நான்தான்" என்று திரும்ப வந்து சொன்னேன்.

முத்துராக்கு தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மேலத்தெருவில் நடுவயதுக்காரர் ஒருவர் மரியாதையாகவே கேட்டார். "சரி, உங்கள்ல நீங்க என்ன ஆளுக?"

இலங்கையில் எங்களை என்னவென்று சொல்வார்களோ அதைச் சொன்னேன். என்னை நிற்கவைத்துக்கொண்டே அவர்களுக்குள் வாதம் தொடங்கியது.

"அது இங்கன நம்மள்ல சேருமா?"

"நம்மள்ல எப்பிடிச் சேரும்? அவுகள்ல சேரும்."

"எங்கள்லயா? நல்லாருக்குய்யா கதை!" என்று ரோட்டைத் தாண்டி வந்தது பதில்.

மாட்டுக்குப் பல் பார்ப்பதைப் போல என் தகப்பன் தொழில், கும்பிடுகிற சாமி, பெண் எடுக்கிற ஊர் எல்லாம் கேட்டார்கள். எந்தப் பக்கமும் என்னை ஏற்கவில்லை. கடைசியில், காலையில் முதல் கேள்வி கேட்ட அந்த இளைஞனே சலித்துப்போய்ச் சொன்னான்: "எதுலயும் சேராத ஆளு. இவன எவன் ஏவி விடப் போறான், விடுங்கப்பா."

கேஸ் இல்லை, வீடும் தப்பித்தது. நிழற்குடை முழுக்க வெள்ளை அடித்துவிட வேண்டும் என்று முடிவானது. பிரஷை நான் மட்டும்தான் பிடிக்க வேண்டும், வடக்கன் டின்னைத் தூக்கினால் போதும். நம்மாளு என்ற வார்த்தையை முத்துராக்கு அதற்குப் பிறகு சொல்லவில்லை. டின்னைத் திறக்கும்போது தெருவுக்கு ஒருவராக வந்து குனிந்து, உள்ளே இருப்பது வெள்ளைதானா என்று பார்த்தார்கள். நான் குச்சியால் கலக்கிக் காட்டினேன்.

அடித்து முடிக்கும்போது உச்சி வெயில். பஸ்ஸுக்கு ஆட்கள் வந்தார்கள். சுவரில் ஈரம் என்று முத்துராக்கு சத்தம் போட்டதால் யாரும் உள்ளே வரவில்லை. மேலத்தெருக்காரர்கள் மேற்கே, கீழத்தெருக்காரர்கள் கிழக்கே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். உள்ளே நானும் சுனிலும் மட்டும், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுவில் நின்றோம். அன்று அந்த ஊரில் இருந்த நிழல் முழுவதும் எங்கள் இருவருக்குத்தான். சாய்ந்துகொள்ளத்தான் ஒரு சுவரும் இல்லை.