கென்யாவுக்கு அவர், கானாவுக்கு நான்

பர்மாவில், யாங்கூனில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் ஒரு வெளிநாட்டு அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்து நிதியியல் படித்தேன். கடைசி ஆண்டில் இருவர் சேர்ந்து ஓர் ஆய்வு எழுத வேண்டும். எனக்கு இணையாக அமைந்தவர் த்வாண்டேக்காரர், தமிழர். அங்கிருந்து தினமும் ஆறு கடந்து வந்து, நகரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, இரண்டு ஆப்பிரிக்க நாடுகளின் பங்குச் சந்தைகளை ஒப்பிடுவது. செய்தி வந்த உடனே விலை மாறினால் அது திறமையான சந்தை. ஆடி அசைந்து மாறினால் மந்தமான சந்தை; அங்கே நேற்றைய விலையைப் பார்த்தே நாளைய விலையை ஊகித்துவிடலாம். ஆண்டுகள் போகப் போக எந்த நாடு அதிகம் தேறியது என்று நாங்கள் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அப்போது பங்குச் சந்தையே கிடையாது.

அவர் கென்யாவை எடுத்துக்கொண்டார், நான் கானாவை. தபாலில் வந்த விலைத் தாள்களைக் கரண்டு இருக்கும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். கொஞ்ச நாளிலேயே அவரவர் நாட்டில் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். இரண்டு நாடுகளையும் அவரவர் முறையில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்ததில், அவர் கணக்கில் கென்யா முந்தியது, என் கணக்கில் கானா. டீக்கடையில் சண்டை மூண்டது.

"வியாபாரமே நடக்காத நாளுக்கு முந்தின நாள் வெலையப் போட்டுவச்சிருக்கீங்க. அது எப்பிடிச் சரியாவும்?" என்றேன்.

"நீங்க அந்த நாளையே தூக்கிக் கடாசிட்டீங்க. அது மட்டும் நாயமா?"

கென்யா, கானா என்ற பெயர்கள் மட்டும் காதில் விழுந்த பக்கத்து மேசைப் பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி, "இப்ப எத்தனை கோல்?" என்று பர்மியத்தில் கேட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

வீட்டுக்குப் போனதும் எனக்கு மனசு உறுத்தியது. அவர் முறையிலேயே எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். கென்யாதான் முந்தியது. மறுநாள் அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே போனால், அவர் முகத்திலும் அதே தயக்கம்.

"உங்க முறையில போட்டுப் பாத்தேங்க. கானாதான் ஜெயிக்குது."

இரண்டு முடிவுகளையும் அப்படியே எழுதி அனுப்பினோம். ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வேறுபாடு இல்லை: இரண்டு சந்தைகளுமே முன்பைவிடத் தேறியிருந்தன. நல்ல மதிப்பெண் வந்தது.

மதிப்பெண் வந்த கையோடு அவர் என்னைப் பெண் கேட்டுத் தன் பெற்றோரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அம்மா மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் செய்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவருடைய அம்மா சொன்னார்: "இவன் வீட்டுல எந்நேரமும் கானா, கானான்னே பேசுறான். பொண்ணு பேரு அதுதான்னு நெனச்சுட்டேன். நல்ல பேரா இருக்கேன்னு எங்க தங்கச்சிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

என் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.