தலையில் காய்ந்த வாழைநார்

பரந்தனில் நான் நார் உரிக்கப் போன கொட்டிலில், வாழைநாரில் சவுரிமுடி செய்கிற மெலிந்த பெண் ஒருவர் இருந்தார். எந்தச் சவுரியைச் செய்தாலும் முதலில் தன் தலையில் கட்டி, கடித்து அரிக்கிறதா என்று பார்ப்பார்.

நைலோன் சவுரியால் தலை புண்ணான ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளில் கலியாணம். அவளுக்காகப் பின்னியதைக் கஞ்சியில் தோய்த்துக் கொடியில் போட்டார். கஞ்சி மணத்துக்கு வந்த மாடு அதைத் தின்றுவிட்டது.

"இனிக் கஞ்சி வேண்டாம் பிள்ளை," என்றேன்.

"கஞ்சி இல்லாட்டி நார் பிரிஞ்சு நிக்கும் அம்மா. மாட்டுக்குப் பிடிச்சிருக்கு, பொம்பிளைக்கும் பிடிக்கும்," என்று களைப்போடு சிரித்தார்.

மறுபடி பின்னித் தோய்த்ததைத் தன் தலையிலேயே கட்டிக்கொண்டு வெயிலில் இருந்தார். இருந்தபடியே கண் அயர்ந்துவிட்டார். மாடு திரும்ப வந்தது. நான் ஒரு கதிரையை அவருக்கும் மாட்டுக்கும் நடுவே இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டேன்.