டாங்கிக்குப் பூசிய துரு

பதினொரு வயதில் நான் ஒரு போட்டியில் தோற்றேன். கிள்ளானில் ஒரு பேரங்காடியின் இரண்டாவது மாடியில் பொம்மைக்கடை வைத்திருந்த சீனர் நடத்திய போட்டி அது. பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டி, வண்ணம் அடித்து, நிஜ டாங்கியைப் போலவே ஆக்கிக் கொண்டுவர வேண்டும். முதல் பரிசு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய போர்க்கப்பல். அந்தக் கப்பலுக்கு வீட்டில் எந்த அலமாரியில் இடம் என்பதைக்கூட அளந்து வைத்திருந்தேன்.

உடலை ஒட்டுவதும் பச்சை அடிப்பதும் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. சிக்கல் சங்கிலிப் பட்டையில்தான். சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்தப் பட்டை, பெட்டியிலிருந்து எடுத்தபோது கறுப்பு ரப்பராகப் பளபளத்தது. அதைப் பழசாக்க வேண்டும். சேறும் துருவும் தேய்மானமும் தெரிய வேண்டும். மதிப்பெண்ணே அதில்தான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"காசு குடுத்துப் புதுசு வாங்கி, அதுக்குத் துரு பூசுற ஒரே ஆளு நீதான்லா," என்றாள் அக்கா.

எனக்கு ஒரு வசதி இருந்தது. அப்பா புல்டோசர் ஓட்டினார். பூச்சோங்கில் ஒரு வீடமைப்புத் திட்டத்தில் மண் தள்ளும் வேலை. புல்டோசரும் டாங்கியும் ஓடுவது ஒரே மாதிரிப் பட்டையில்தான். மற்ற பையன்கள் புத்தகப் படத்தைப் பார்த்துப் பூசுவார்கள். நான் நிஜத்தைப் பார்த்துப் பூசலாம். கூட்டிப்போகச் சொன்னேன். அப்பா அந்த வாரம் மழை என்றார். அடுத்த வாரம், உள்ளே விடமாட்டார்கள் என்றார். மூன்றாவது வாரம் நான் சாப்பிட மறுத்தேன். அம்மா என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"நீங்க தெனம் போற எடந்தானே. புள்ளைய ஒரு தடவ கூட்டிட்டுப் போனா என்னா?"

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போனோம். வாசலில் இருந்த மலாய்க் காவலாளி, அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகொடுத்து நலம் விசாரித்தார். தினமும் பார்க்கிறவரிடம் இவ்வளவு விசாரிக்க என்ன இருக்கிறது என்று எரிச்சலாக இருந்தது. அரைகுறையாக நின்ற வீடுகளுக்குப் பின்னால், லாலான் புல் நடுவே, மஞ்சள் புல்டோசர் நின்றது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் துருப்பிடித்திருந்தது. நோட்டில் எல்லாவற்றையும் குறித்தேன்: தரையில் பதியும் முகம் செம்பழுப்பு, ஆணிகளைச் சுற்றிக் கரும்பழுப்பு, இடுக்குகளில் வெடித்துக் காய்ந்த செம்மண். அப்பா வண்டியில் ஏறவில்லை. தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மிலோ டின்னில் கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டேன்.

அந்த மண்ணைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்து, பல்குத்தும் குச்சியால் இடுக்குகளில் வைத்தேன். துரு நிறத்தை ஒவ்வொரு கண்ணியாகப் பூசினேன். ஒரு பக்கத்துக்கு எழுபத்தெட்டுக் கண்ணிகள். ஒன்றையும் விடவில்லை.

போட்டிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். ஒவ்வொரு டாங்கியின் முன்னும் ஓர் அட்டை வைக்க வேண்டும். என் அட்டையில், சண்டையிலிருந்து இப்போதுதான் திரும்பியது என்று மலாயில் எழுதியிருந்தேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டாங்கியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். துரு அருமையாக வந்திருக்கிறது என்றார். ஆனால் அட்டைக்குப் பொருந்தவில்லை. ஓடுகிற வண்டியில் தரையைத் தொடும் இடம் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னும். இது பல மாதமாக நிற்கிற வண்டி.

நான் விடவில்லை. இது என் அப்பா தினமும் ஓட்டுகிற புல்டோசரைப் பார்த்துப் பூசியது, வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்று கைகாட்டினேன். எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தார்.

அப்பாவின் கண் டாங்கியின் மேலேயே இருந்தது. "கடைக்காரத் தவுக்கே சொல்றது சரிதான்யா," என்றார் என்னிடம். "ஓடுற செயின்ல துரு நிக்காது."

கப்பல் வேறொரு பையனுக்குப் போயிற்று. பேருந்தில் நான் அப்பாவோடு பேசவில்லை. எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவும் பேசாமல் வந்தார்; அவரும் என் கட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டுமான வேலைகள் பல இடங்களில் பாதியில் நின்ற வருடம் அது. அப்பாவின் கம்பெனி ஐந்து மாதங்களுக்கு முன்பே கைவிரித்துவிட்டதும், காலையில் சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பியவர் பாசாரில் காய்கறிப் பெட்டி தூக்கியதும் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை.

போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை. அம்மா சோறு கட்டவில்லை. அப்பா கைலியோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த இருவரும் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். நான் தோற்றதற்கு வருந்தித்தான் அப்பா லீவு போட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவரை மன்னிப்பதுதான் முறை என்று தோன்றியது. பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்குக் கோவம் போயிருச்சுப்பா. நாளைக்கு நீங்க வேலைக்குப் போங்க," என்றேன்.